பறக்கலாம், பிரித்துப் பார்க்கக் கூடாது!

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு என்று தகவல் சொன்னது. உள்ளே 140 பேருக்கு மேல். திரும்பி இறங்கலாம் என்றால் டாங்க் நிறைய எரிபொருள். அந்தக் கனத்தோடு இறங்குவது ஆபத்து. போயிங் 737 ரகத்தில் எரிபொருளை நடுவானில் கொட்டும் வசதியும் கிடையாது. பறந்து பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விமானம் வட்டமடித்தது. கீழே ஜனங்கள் அண்ணாந்து பார்த்தபடி இருக்க, விமான நிலையத்தில் ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் வரிசை கட்டின. இரவு எட்டு மணிக்குமேல் விமானம் ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது.

எல்லோரும் கடவுளுக்கும் பைலட்டுக்கும் நன்றி சொன்னார்கள். நியாயம்தான். மூன்றாவதாக இன்னொருவருக்கும் சொல்லியிருக்கலாம். அது ஆள் அல்ல, ஒரு பெட்டி. பெயர் சிமுலேட்டர்.

ஹைட்ராலிக் போனால் என்ன செய்வது, ஒரு இன்ஜின் அணைந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் நிஜ விமானத்தில் செய்து பார்க்க முடியாது. அதனால் பயணிகள் விமானம் ஓட்டும் பைலட்டுகள் குறிப்பிட்ட இடைவெளியில் சிமுலேட்டருக்குள் போய் 'விபத்துகளை' அனுபவித்துவிட்டு, காபி சாப்பிட வெளியே வருகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் விமானமும் இல்லை, வானமும் இல்லை. இருப்பது கம்ப்யூட்டர் ப்ரோக்ராம். அந்த ப்ரோக்ராம் பொய் சொன்னால் பைலட் பொய்யைக் கற்றுக்கொள்வார்.

அப்படியானால் அந்த ப்ரோக்ராமை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாமா? காசுக்கு விற்கிற ஒரு சிமுலேட்டரின் உள்விவகாரத்தை உலகத்துக்குத் திறந்து விட வேண்டுமா? கேள்வி சின்னதாகத் தெரியும். பதில் தேட சுமார் நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்று ஓர் ஊர். அங்கே பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார் ஒருவர். அவர் மகன் எட்வின் லிங்க்குக்குப் பறக்கிற பைத்தியம். பறக்கக் கற்க ஆகும் செலவோ தலைசுற்ற வைத்தது. பையன் பார்த்தான். அப்பாவின் பட்டறையில் ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகள் கிடந்தன. அவற்றின்மேல் ஒரு மரப்பெட்டியை வைத்து, குட்டி இறக்கைகள் ஒட்டி, உள்ளே ஒரு ஸ்டிக்கும் பெடலும் பொருத்தினான். ஸ்டிக்கை அசைத்தால் துருத்தி உப்பும், சுருங்கும். பெட்டி சாயும், நிமிரும். பிறகு பேடண்டுக்கு விண்ணப்பித்தார்.

யாரும் சீந்தவில்லை. பொருட்காட்சியில் குடைராட்டினத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காசு பார்க்கத்தான் அது பயன்பட்டது. 1934-ல் அமெரிக்க அரசு தபால் விமானங்களை ஓட்டும் வேலையை ராணுவத்திடம் கொடுத்தது. பனிமூட்டத்தில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழக்கமில்லாத இளம் பைலட்டுகள் அடுத்தடுத்து விழுந்து செத்தார்கள். அப்போதுதான் ராணுவத்துக்கு அந்தப் பொருட்காட்சிப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. முதலில் ஆறு வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் லட்சக்கணக்கான பைலட்டுகள் அந்த நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். லிங்க் வாங்கியது பேடண்ட். பேடண்ட் என்பது அரசாங்கத்தோடு ஓர் ஒப்பந்தம். 'உன் ரகசியத்தைப் படம் போட்டு ஊருக்குச் சொல். பதிலுக்கு இத்தனை வருஷம் நீ மட்டும் சம்பாதித்துக்கொள். அப்புறம் அது எல்லோருக்கும் சொந்தம்.' துருத்தி எங்கே, குழாய் எங்கே என்று லிங்க் வரைந்த படத்தை இன்றைக்கும் யாரும் பார்க்கலாம்.

துருத்தி போய்க் கம்ப்யூட்டர் வந்ததும் இந்த ஒப்பந்தம் காற்றில் போய்விட்டது.

எப்படி என்று புரிய, திருச்சியிலிருந்து மருங்காபுரி பக்கம் போகிறவர்கள் வழியில் வாங்கும் மணப்பாறை முறுக்கை எடுத்துக்கொள்வோம். முறுக்கு உங்கள் கையில் இருக்கிறது. கடிக்கலாம், ரசிக்கலாம். ஆனால் அதைப் பார்த்து மாவுப் பக்குவத்தைச் சொல்ல முடியாது. எவ்வளவு ஓமம், எப்போது முதல் பொரிப்பு, எப்போது இரண்டாவது பொரிப்பு என்பது செய்கிறவர் மனசில் இருக்கிறது. கடையில் வாங்கும் ஸாஃப்ட்வேரும் அப்படித்தான். உங்களுக்குக் கிடைப்பது பொரித்தெடுத்த முறுக்கு. ப்ரோக்ராம் எழுதியவர் கைப்பட எழுதிய வரிகள், அதாவது மூலநிரல், கம்பெனியின் பெட்டகத்தில். அதையும் சேர்த்துக் கொடுத்து 'படித்துக்கொள், மாற்றிக்கொள், மாற்றியதை நாலு பேருக்குக் கொடு' என்றால் அது ஓப்பன் சோர்ஸ்.

புரூஸ் ஆர்ட்விக் என்ற இன்ஜினீயர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கம்ப்யூட்டர் திரையில் விமானம் ஓட்டுவது பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். 1980 வாக்கில் ஆப்பிள் கம்ப்யூட்டரில் அதை நிஜமாக ஓட்டிக் காட்டினார். கோடு கோடாக ஒரு மலை, கோடு கோடாக ஓர் ஓடுபாதை. அவ்வளவுதான். ஜனங்கள் அதற்கே மயங்கினார்கள். மைக்ரோசாஃப்ட் அவரிடம் உரிமை பெற்று 1982-ல் ஐபிஎம் பி.சி.க்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் 'இது ஐபிஎம்முக்கு நிகரான கம்ப்யூட்டரா?' என்று சோதிக்க, கடைக்காரர்கள் இந்த ஃப்ளைட் சிமுலேட்டரைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அது ஓடினால் மெஷின் தேறிவிட்டது என்று அர்த்தம்.

கால் நூற்றாண்டு அமோகமாக ஓடியது. பதிப்புக்குப் பதிப்பு அழகு கூடியது. 2006-ல் வந்த பதிப்பில் உலகத்தின் ஆயிரக்கணக்கான விமான நிலையங்கள். ரசிகர்கள் தங்கள் ஊர் கட்டடங்களையும் தங்களுக்குப் பிடித்த விமானங்களையும் செய்து சேர்த்தார்கள். சிலர் அதையே தொழிலாக்கிப் பிழைத்தார்கள்.

2009 ஜனவரி. பொருளாதார நெருக்கடி. மைக்ரோசாஃப்ட் ஆட்குறைப்பு செய்தபோது, இந்த சிமுலேட்டரைச் செய்த 'ஏஸஸ்' ஸ்டூடியோவை இழுத்து மூடிவிட்டது.

உலகம் முழுக்க ரசிகர்களுக்குத் துக்கம். 'உங்களுக்குத்தான் வேண்டாமே, மூலநிரலைக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பது அவர்களின் நியாயமான ஆசை. நடந்தது வேறு. அதன் தொழில்முறை வடிவத்தின் உரிமையை லாக்ஹீட் மார்ட்டின் வாங்கியது. ஆமாம், போர் விமானம் செய்யும் அதே கம்பெனிதான். 2010-ல் 'ப்ரீபேர்3டி' என்ற பெயரில் பயிற்சிக்கு விற்க ஆரம்பித்தது. பழைய வீட்டுப் பதிப்பை 2014-ல் இன்னொரு கம்பெனி லைசென்ஸ் வாங்கித் திரும்ப விற்றது. 2020-ல் மைக்ரோசாஃப்டே பிரான்ஸின் அசோபோ ஸ்டூடியோவை வைத்துப் புத்தம் புது சிமுலேட்டரோடு திரும்பி வந்தது.

ஆக, செத்துவிட்டது என்று நாம் அழுத பிணத்துக்கு மூன்று பேர் வாடகை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கம்பெனிகள் மூலநிரலைத் திறக்கத் தயங்குவதற்கு முதல் காரணம் இதுதான். இன்று குப்பை என்று நினைப்பது நாளைக்குக் காசாகும்.

இரண்டாவது காரணம், நாம் வாங்கிய முறுக்கிலேயே இருக்கிறது. மணப்பாறை முறுக்கின் ருசிக்கு அந்த ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். பக்குவத்தை எழுதி வாங்கி வந்தாலும் தண்ணீர் வராதே! சிமுலேட்டரிலும் அப்படியொரு தண்ணீர் உண்டு. ஒரு குறிப்பிட்ட விமானம் எந்த வேகத்தில் எவ்வளவு அசையும் என்ற அளவுகள், விமானம் செய்யும் கம்பெனியின் சொத்து. வரைபடங்களும் சாட்டிலைட் படங்களும் வேறு யாரோ ஒருவருடையவை. ப்ரோக்ராமுக்கு உள்ளேயே வெளியாரிடம் விலைக்கு வாங்கிச் சேர்த்த துண்டுகள் இருக்கும். கம்பெனி முதலாளி நினைத்தால்கூட எல்லாவற்றையும் தூக்கித் தெருவில் வைக்க முடியாது.

'அவர்கள் தராவிட்டால் என்ன, நாமே செய்வோம்' என்று கிளம்பியவர்களும் உண்டு. 1996-ல் டேவிட் மர் என்பவர் ஒரு யோசனையை முன்வைத்தார். கடையில் விற்கிற சிமுலேட்டர்களில் நமக்கு வேண்டியதைச் செய்ய முடியவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் எழுதி எல்லோருக்கும் பொதுவாக ஒன்று செய்வோம் என்று. கர்ட் ஓல்சன் என்பவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டார். அதுதான் 'ஃப்ளைட்கியர்'. இன்றும் இலவசம், இன்றும் திறந்த வீடு. அது பயன்படுத்தும் 'ஜேஎஸ்பிசிம்' என்ற பகுதிதான் விமானத்தின் மேல் காற்று எப்படி மோதும் என்று கணக்குப் போடுகிறது. இறக்கையின் பரப்பு, எடை, இன்ஜினின் பலம் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். கணக்கு தெரிந்தவர் திறந்து, எண்ணை மாற்றி, என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இப்படிப்பட்ட கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று 2015-ல் நாசா வெளியிட்ட ஒப்பீட்டு அறிக்கையில், நாசாவின் சொந்த ப்ரோக்ராம்களோடு இந்த இலவச ஜேஎஸ்பிசிம்மும் சரிசமமாக உட்கார்ந்திருந்தது.

திறந்த வீட்டில் எதெல்லாம் நுழையும் என்று நமக்குப் பழமொழியே இருக்கிறது. நுழைந்தது. ஃப்ளைட்கியரை அப்படியே எடுத்து, வேறு பெயர் சூட்டி, 'உலகின் மிகச் சிறந்த சிமுலேட்டர்' என்று விளம்பரம் செய்து காசுக்கு விற்றார்கள் சிலர். லைசென்ஸ்படி விற்பது குற்றமில்லை. 'இது இலவசமாகவே கிடைக்கும்' என்பதை மறைத்ததுதான் அற்பத்தனம். ராத்திரி கண்விழித்து எழுதியவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை.

இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு பாரதி ஞாபகம் வந்திருக்கும். வர வேண்டும். ஏனென்றால் 'தனியார் சொத்தைப் பொதுவாக்கலாமா?' என்ற கேள்விக்குத் தமிழ்நாடு 1949-லேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறது.

பாரதி 1921-ல் இறந்தார். பிறகு அவர் எழுத்துகளின் உரிமை கைமாறியது. இசைத்தட்டு, சினிமா உரிமை ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. தேசமே பாடும் பாட்டு ஒருத்தருக்குச் சொந்தமா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளர்ச்சி செய்தார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்து அரசு உரிமையைக் கையகப்படுத்தியது. மெய்யப்பச் செட்டியார் பணம் கேட்காமல் விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்துக்கு அரசு தொகை கொடுத்தது. பிறகு அந்த எழுத்துகள் மக்கள் சொத்தாயின. இன்று பாரதி கவிதைகளை யாரும் அச்சடிக்கலாம், பாடலாம். இதே முறையில் பிற்பாடு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' எல்லா விலையிலும் கிடைப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். பறிமுதல் நடக்கவில்லை. உழைத்தவரின் குடும்பத்துக்குக் கை நிறையவோ குறையவோ ஒரு தொகை போனது. அதன் பிறகுதான் கதவு திறந்தது.

ஸாஃப்ட்வேரிலும் இப்படி நடந்திருக்கிறது. 'பிளெண்டர்' என்ற முப்பரிமாணப் படம் வரையும் ப்ரோக்ராம். அதைச் செய்த டச்சுக் கம்பெனி 2002-ல் மூடப்பட்டது. அதை உருவாக்கிய டான் ரூசெண்டால், முதலீட்டாளர்களிடம் 'எவ்வளவு கொடுத்தால் மூலநிரலைத் திறந்து விடுவீர்கள்?' என்று கேட்டார். ஒரு லட்சம் யூரோ என்றார்கள். உண்டியல் குலுக்கினார். ஏழே வாரத்தில் சேர்ந்துவிட்டது! அந்த பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' என்ற லாட்வியப் படம் 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

சிமுலேட்டரிலேயே உதாரணம் வேண்டுமா? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்த மார்ட்டின் ஷ்வைகர், 'ஆர்பிட்டர்' என்ற விண்கல சிமுலேட்டரைத் தனி ஆளாக 2000-லிருந்து செய்துவந்தார். இலவசம், ஆனால் பூட்டியது. 2021-ல் அவரே மூலநிரலைத் திறந்து கொடுத்தார். இப்போது மற்றவர்கள் அதை வளர்க்கிறார்கள். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 'ஃபால்கன் 4.0' என்ற போர் விமான சிமுலேட்டரின் மூலநிரல் 2000-ல் திருட்டுத்தனமாக வெளியே கசிந்தது. ரசிகர்கள் அதை எடுத்து அற்புதமாக வளர்த்தார்கள். ஆனால் அடிப்படை திருட்டுச் சாவி அல்லவா? வருஷக்கணக்கில் சட்டத்தின் நிழலிலேயே வாழ வேண்டியிருந்தது. உரிமைக்காரரைப் பகைத்துக்கொள்ளாமல் இருக்க, ஒரிஜினல் விளையாட்டை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் ஓடும் என்று பூட்டுப் போட்டார்கள்.

உரிமையோடு திறந்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். யாரும் திறக்காமல் விட்டால்? அங்கேதான் லிங்க்கின் பேடண்ட் ஞாபகம் வர வேண்டும். ப்ரோக்ராமுக்கு அமெரிக்காவில் கிடைக்கும் முக்கியக் காப்பு, புத்தகத்துக்குக் கிடைக்கும் காப்புரிமைதான். கம்பெனி வெளியிட்டதற்கு 95 வருஷம். 1982-ன் ஃப்ளைட் சிமுலேட்டர் 2077 வரை பூட்டிய பெட்டி! அதற்குப் பிறகும் மூலநிரலைக் காட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. காலம் முடிந்தால் முறுக்கு பொதுச்சொத்து, பக்குவம் பரம ரகசியம். லிங்க் காலத்து ஒப்பந்தத்தில் ஊருக்கு ஒரு பங்கு இருந்தது. இந்த ஒப்பந்தத்தில் ஊருக்கு ஒன்றுமே இல்லை.

விளையாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைக்கிறவர்களுக்கு, விளையாட்டில்லாத ஒரு கதை.

2018 அக்டோபர் 29. இந்தோனேஷியாவில் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். விமானத்தின் காப்டன் டெல்லிக்காரர். 2019 மார்ச் 10. எத்தியோப்பியாவில் அதே ரக போயிங் 737 மேக்ஸ் விழுந்து 157 பேர். இரண்டிலும் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் ஒரு ஸாஃப்ட்வேர், தவறான சென்சார் தகவலை நம்பிச் செயல்பட்டது. முதல் விபத்துவரை அப்படியொன்று இருப்பதே பைலட்டுகளின் கையேட்டில் இல்லை. பழைய 737 ஓட்டியவர்கள் மேக்ஸுக்கு மாற சிமுலேட்டர் பயிற்சியே தேவையில்லை, கம்ப்யூட்டரில் ஒரு குட்டிப் பாடம் போதும் என்றிருந்தது. இதைவிட ஒரு வேடிக்கை 2019 மே மாதம் வெளியானது. மேக்ஸ் சிமுலேட்டரின் ஸாஃப்ட்வேரிலேயே குறை இருந்ததாகவும், சில பறக்கும் நிலைமைகளை அதனால் சரியாகக் காட்ட முடியவில்லை என்றும் போயிங்கே ஒப்புக்கொண்டது. நெருக்கடியில் கையால் சுழற்ற வேண்டிய சக்கரம் நிஜத்தில் எவ்வளவு இறுகிக்கொள்ளும் என்பதை அந்தப் பெட்டி சொல்லிக் கொடுக்கவில்லை.

பயிற்சி சிமுலேட்டர்களை அரசு அமைப்புகள் சோதிக்காமல் அனுமதிப்பதில்லை. ஆனால் பிரதானமாக ஒப்பிடுவது விடைகளை. நிஜ விமானம் இப்படி அசைந்தது, பெட்டியும் அப்படி அசைகிறதா என்று. கேட்காத கேள்விக்குப் பெட்டி என்ன விடை சொல்லும் என்பது உள்ளே எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

ஓப்பன் சோர்ஸாக இருந்திருந்தால் அந்த 346 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொன்னால் அது அபத்தம். திறந்து வைத்ததையெல்லாம் யாராவது படித்துவிடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் பூட்டி வைத்ததை யாரும் படிக்க முடியாது என்பதற்கு உத்தரவாதம் உண்டு.

என் தீர்ப்பைக் கேட்டால் மூன்று விதமாகச் சொல்வேன். இன்று கடையில் விற்றுக்கொண்டிருக்கும் சிமுலேட்டரைத் 'திற' என்று மிரட்டக் கூடாது. அது ஒருத்தருடைய அடுப்பு எரியும் விஷயம். 'எக்ஸ்-ப்ளேன்' செய்வதைப்போல இன்ஜினைப் பூட்டி வைத்துக்கொண்டு, விமான நிலையங்களை ரசிகர்களே வரைந்து சேர்க்க வழி செய்தால் அதுவே புண்ணியம். இரண்டாவது, கம்பெனி கைவிட்ட சிமுலேட்டர். கடையை மூடி இத்தனை வருஷத்துக்குள் வேறு யாரும் எடுத்து நடத்தவில்லை என்றால், பாரதிக்குச் செய்ததுபோல் ஒரு நியாயமான தொகை கொடுத்துப் பொதுவாக்க சட்டத்தில் வழி வேண்டும். மூன்றாவது, உயிரோடு சம்பந்தப்பட்ட பயிற்சிப் பெட்டி. அதன் மூலநிரலை ஊருக்குக் காட்ட வேண்டாம். ஆனால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத நாலு நிபுணர்களுக்காவது காட்டியே ஆக வேண்டும்.

மருங்காபுரியில் ஒரு ப்ளஸ் டூ மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைலட் படிப்புக்கு ஆகும் லட்சங்களைக் கேட்டால் அவள் வீட்டில் சிரிப்பார்கள், எட்வின் லிங்க்கின் கதைதான். அவளிடம் ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் ஃப்ளைட்கியரும் இருந்தால் திருச்சி ஓடுபாதையிலிருந்து கிளம்பலாம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் திரையில் இல்லையே என்று தோன்றினால் 236 அடி உயரத்துக்குத் தானே கட்டி நிறுத்தலாம். இதைக் கடை சிமுலேட்டரிலும் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் இறக்கையை ஒரு அடி வெட்டினால் விமானம் ஏன் சாய்கிறது என்ற கணக்கைத் திறந்து, எண்ணை மாற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள, திறந்த பெட்டி ஒன்றில்தான் முடியும். முதல் பெட்டி அவளை நல்ல பைலட்டாக்கலாம். இரண்டாவது பெட்டி, அடுத்த சிமுலேட்டரைச் செய்கிறவளாக ஆக்கலாம்.

அன்றைக்கு அப்பாவின் பட்டறை மட்டும் பூட்டியிருந்தால் எட்வின் லிங்க் துருத்திக்கு எங்கே போயிருப்பார்?